மக்கள் பங்கு

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் யாரும் ஒரு பைசா திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டு நிறுவனம் என்று வாயெடுத்தாலே ஜீப்பு, வெளிநாட்டுப் பயணம், மைத்துனன் பேரில் பங்களா என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்களிடமும் ஒரு ஜீப்பு இருந்தது. ஏற்றத்தில் அது மூச்சுவாங்கி நின்றால் நாங்களே இறங்கித் தள்ளுவோம். செயலாளர் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர். காலர் நைந்துபோனால் அதைப் பிரித்துத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்கிற மனிதர். அவர் திருடியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பி.காம். முடித்துவிட்டுச் சேலத்தில் அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். மலைமேல் ஓர் ஆபீசில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள். அப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டார். ஏற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு மாடி அறை, சனிக்கிழமையானால் சேலம், திங்கட்கிழமை காலை மறுபடி மலை. இதுதான் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் மேலேயே என் வாழ்க்கை.

சுற்றியிருந்த ஊர்களில் எங்கள் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் நடத்தியது. காப்பி பழம் பறிக்க அம்மாக்கள் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பறிக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துக் கஞ்சியும் பாலும் கொடுத்து, சளி துடைத்து, தூங்கவைக்க ஊருக்கு ஒரு பெண்ணை நியமித்திருந்தோம். எல்லாரும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதச் சம்பளம் கொடுக்க நான் ஜீப்பில் போவேன்.

பணம் ஐரோப்பாவில் இருந்த ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்தது. நல்லவர்கள்தான். கிறிஸ்துமசுக்குப் பனி படர்ந்த வாழ்த்து அட்டை அனுப்புவார்கள். அவர்களிடம் ஒரு கொள்கை இருந்தது. செலவில் மூன்று பங்கை நாங்கள் தருகிறோம், நாலாவது பங்கை அந்தந்த ஊர் மக்களே தர வேண்டும். அப்போதுதான் மக்களுக்கு அது தங்களுடைய திட்டம் என்ற எண்ணம் வரும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! சாமையும் கேழ்வரகும் விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு, மீதி நாளெல்லாம் கூலிக்குப் போகிறவர்களிடம் போய் நாலாவது பங்கைக் கேட்க வேண்டும்.

முதல் வருடம் கேட்டும் பார்த்தோம். ஊருக்கு ஒரு தகர உண்டியல் வைத்தோம். கொஞ்சம் சில்லறையும், சில படி சாமையும், ஒரு பலாப்பழமும், கூடை நிறைய ஆரஞ்சும் வந்தன. ஆரஞ்சை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று நான் விழித்தேன். "முதல்ல சாப்பிடும்மா, அழுகிரும்" என்றார் செயலாளர். சாப்பிட்டுவிட்டோம். நாலாவது பங்குக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. பங்கு சேராவிட்டால் அடுத்த தவணை வராது, அடுத்த தவணை வராவிட்டால் காப்பகங்களை மூட வேண்டியதுதான்.

அப்போது யோசனை சொன்னது நான்தான். முழுக்க என் மூளை என்று சொல்ல முடியாது. சேலத்து ஆடிட்டர், எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று ஜாடையாகச் சொல்லியிருந்தார். காப்பகப் பெண்களின் சம்பளத்தை ஏட்டில் உயர்த்துவது. அவர்கள் உயர்ந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுவார்கள். அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்போம். பிடித்தது மக்கள் பங்காக, ஊர்க்காரர்கள் மனமுவந்து அளித்த நன்கொடையாக, வரவில் ஏறும். பணம் எங்கும் போகவில்லை. காப்பகத்துக்கே கூரை போடவும் பால்பவுடர் வாங்கவும் செலவானது. செயலாளர் ஒரு நாள் முழுக்கத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் சரி என்றார்.

அந்த வருடம் ஐரோப்பாவிலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு ஏழை மக்கள் இவ்வளவு தாராளமாகத் தருவதை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று எழுதியிருந்தார்கள். செயலாளர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, எனக்கென்று தனியாக ஒரு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

பெண்களிடம் சொன்னோமா? இந்தக் கேள்வியைத்தான் நான் பல வருடம் கண்டும் காணாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. முதல் மாதம் சம்பளத்தை எண்ணிக் கையில் கொடுக்கும்போது, "பிடித்தம் போக இவ்வளவுங்க" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட எதற்குப் பிடித்தம் என்று கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அக்கறை இல்லை.

காரணத்தைத் தெரிந்துகொண்டது தலைச்சோலைக் காப்பகத்தில். அங்கே இருந்த அக்காவுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். புருஷன் இல்லை. ஒரே பெண். பேச்சில் அதிகாரம் தூக்கலாக இருக்கும். ஜீப்பு வந்து நின்றதும், "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க எல்லாம்" என்று என்னையே அதட்டுவார். அதட்டிவிட்டு வெல்லக் காப்பியும் கொடுப்பார். ஊருக்குக் கீழே சரிவில் அவருக்கு அரை ஏக்கர் காப்பிக் காடு இருந்தது. அதைக் காட்டாமல் என்னை ஜீப்பில் ஏறவே விடமாட்டார். காப்பகத்துக்கு வருவதற்கு முன்னால் ஓர் எஸ்டேட்டில் நிரந்தர ஆளாக இருந்தவர். வேலையிலிருந்து நின்றுகொண்டபோது பி.எஃப். பணம் வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் கன்று வாங்கி, நிழலுக்கு சில்வர் ஓக் வைத்து, அதில் மிளகுக்கொடி ஏற்றி உருவாக்கிய காடு அது.

ஒரு சம்பள நாளில், நான் பையை மூடிய பிறகு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங் கண்ணு, ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"புள்ளைக்கு குப்பனூர்ல எடம் முடிஞ்சிருச்சுங்க. நொம்ப நல்ல எடம். டவுனுல கடைக்காரரு ஒருத்தரு காட்டு மேல பணம் தரேங்கறாரு. ரண்டு வருசத்துல திருப்பீரோணுமாம், இல்லீனா காட்ட அவுரு பேருக்கு எழுதிக் குடுத்தரோணுமாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு பாத்தனுங்க."

"ரெண்டு வருஷத்துல அவ்வளவு பணம் எப்படிங்கக்கா திருப்புவீங்க?"

அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"அதென்னங்க அப்படிக் கேக்கறீங்க? மாசாமாசம் நீங்க புடிச்சு வெக்கறீங்கல்லங்க, இத்தன வருசத்துக்கு அது சேந்திருக்காதுங்களா? எஸ்டேட்டுல நின்னுக்கறப்பக் குடுத்தாங்களே, அந்தாட்டத்தான? புள்ள கல்யாணம் முடிஞ்சதீம் நானும் நின்னுக்கிட்டு அத வாங்கிக்கறேன். கொஞ்சம் கொறஞ்சாலும் மொளகு வித்துப் போட்டுருவனுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மலையில் சம்பளத்தில் பிடிப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான். எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர் பிடிப்பார். நின்றுகொள்ளும்போது அது எஸ்டேட்டின் பங்கோடு சேர்ந்து திரும்பி வரும். வராத பிடித்தம் என்று ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. அதனால்தான் ஒருத்தரும் கேட்கவில்லை. ஊர் ஊராக எல்லாப் பெண்களும் தலையாட்டியது இதை நம்பித்தான்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். "அக்கா, அந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வராதுங்க, காட்டை அடகு வெக்காதீங்க." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அடுத்த வாரம் ஆடிட்டர் வருகிறார். அந்த மாதக் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ஆள் வருகிறார். இவரிடம் சொன்னால் சந்தை நாளில் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடும். எல்லாரும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். நாலாவது பங்கு என்ற கோபுரமே சரிந்துவிடும். என் வேலையும் அதோடு போகும். இவ்வளவும் மளமளவென்று மனத்தில் ஓடியது. கணக்குப் படித்தவளுக்கு இதெல்லாம் வேகமாகத்தான் ஓடும்.

"பாத்துச் செய்யுங்கக்கா" என்றேன்.

அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? அவருடைய பணத்தைப் பிடிக்கிறவளே பார்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்துபோய் எனக்கு இரண்டாவது டம்ளர் காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

செயலாளரிடம் சொன்னேன். அது ஒன்றையாவது செய்தேன். "சார், அவங்க எல்லாம் அதை பி.எஃப். மாதிரின்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அடடா" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அடுத்த கூட்டத்துல நானே எடுத்துச் சொல்லீர்றேன்" என்றார். அடுத்த கூட்டத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த கூட்டத்தில் அம்மைத் தடுப்பு. நான் ஞாபகப்படுத்தவில்லை. அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டோம். குப்பனூர்க் கல்யாணத்துக்கு இருவரும் ஜீப்பில் போய் மொய் எழுதிவிட்டு வந்தோம்.

அக்கா நின்றுகொள்வதற்கு முன்பே நிறுவனம் நின்றுகொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி வேறு நாடுகளில் கவனம் செலுத்தப்போகிறார்களாம். எங்கள் மக்கள் சொந்தக் காலில் நிற்கப் பழகிவிட்டதை அவர்கள் பங்களிப்பே காட்டுகிறதாம், ஆகவே மனநிறைவோடு விடைபெறுகிறார்களாம். நான் எழுதி அனுப்பிய எண்களைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். அவற்றை நம்பித்தான் கிளம்பினார்கள்.

கணக்கை முடித்தோம். ஆபீசில் நிரந்தரமாக இருந்த எங்களுக்குப் பணிக்கொடையும், சட்டப்படி கட்டிவந்த பி.எஃப். பணமும் வந்தன. என் சம்பளத்தில் மக்கள் பங்கு என்று ஒருநாளும் பிடித்ததில்லை. நான் மக்கள் இல்லை, ஆபீஸ். காப்பகப் பெண்களை நாங்கள் சட்டத்துக்குத் தொண்டர்கள் என்றே காட்டியிருந்தோம். அவர்களுக்கு அந்த மாதச் சம்பளமும், நிறுவனத்தின் பெயர் வெட்டிய ஓர் எவர்சில்வர் குடமும். குடங்களைச் சேலத்தில் பேரம் பேசி வாங்கி வந்ததும் நான்தான்.

பிரிவுபசாரக் கூட்டம் ஆபீஸ் முற்றத்தில் நடந்தது. பஜ்ஜி, கேசரி, குடம். எல்லாரும் கலைந்த பிறகு தலைச்சோலை அக்கா மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். செயலாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிரும்மா" என்று முணுமுணுத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். தள்ளாமலே அன்றைக்கு ஜீப்பு கிளம்பிப் போனது.

அக்கா உள்ளே வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். மேசைமேல் என் கைப்பை இருந்தது. கைப்பைக்குள் என் காசோலை இருந்தது.

"புடிச்சு வெச்சத எப்பக் குடுப்பீங்க கண்ணு? கடைக்காரரு கெடு வர்ற மாசத்தோட முடியுதுங்க. நேத்தே ஊட்டுக்கு ஆளனுப்பிட்டாரு."

சொன்னேன். நேராகச் சொல்லவில்லை. தலைச்சோலைக் கூரையிலிருந்து ஆரம்பித்தேன். பால்பவுடர், பாய், அடுப்பு, குழந்தைகளுக்கு வாங்கிய கம்பளி என்று ஒவ்வொன்றாகப் பூசி மெழுகினேன். அதெல்லாம் உங்க பணத்தில்தான் நடந்தது, பெரிய புண்ணியம் என்றுகூடச் சொன்னேன். வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டியதையும் சொன்னேன். நான் முடித்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"அப்ப இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. குடத்தை டங்கென்று தரையில் வைத்தார்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பமுங்க. எங்க புள்ளைங்களுக்குத்தானுங்க, ஏதோ முடிஞ்சதக் குடுத்திருப்பம். கேக்காமயே எடுத்துக்கிட்டீங்களே! நா அத நம்பிக் காட்ட வெச்சுப்போட்டனே! இது யாரு செஞ்ச வேலைங்க? சாருங்களா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, நான்தான் என்றும் சொல்லவில்லை. மேசை விரிப்பில் ஏதோ கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்பதற்கு அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார் போலிருக்கிறது. குரல் இறங்கியது.

"உங்களுக்கும் புடிச்சாங்களா கண்ணு?"

என்மேல் அவருக்கு இருந்த கோபத்திலிருந்து தப்பிக்க அவரே திறந்துவிட்ட வழி அது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆமாங்கக்கா. எனக்குந்தான்."

"உங்களுக்கும் போச்சுங்களா?"

"போச்சுங்கக்கா."

"அட சாமி!" அவர் மேசைக்கு மேலாகக் கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பிக் கறை ஏறிய விரல்கள். "படிச்ச புள்ள, உங்களுக்கே இப்படின்னா நாங்கெல்லாம் எந்த மூலைக்குங்க. உடுங்க கண்ணு. உங்களுக்கு வயசு கெடக்குது, சம்பாரிச்சுக்கலாம். ஊட்டுல சொல்லீராதீங்க, அப்பா மனசு சங்கடப்படுவாரு." என் கண்ணில் நீர் வந்தது. அது நடிப்பில்லை. ஆனால் அவர் அதை எதற்கு என்று நினைத்தாரோ அதற்காக வரவில்லை. தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, தலைச்சோலை பஸ்சைப் பிடிக்கப் போனார்.

என் காசோலையில் பாதி இருந்தால் அந்தக் காடு திரும்பியிருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். கொடுத்தால் எனக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்பார். சொன்ன பொய் வெளியே வரும். அவருக்குத் தெரியாமல் கடைக்காரரிடம் கட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். நிறுவனம் அனுப்பியது என்று மணியார்டர் செய்யலாமா என்றும் நினைத்தேன். நினைத்து நினைத்து அந்த மாதம் போய்விட்டது. பொய் குறுக்கே நின்றது என்று சொல்வதுகூடப் பாதிதான் நிஜம். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அப்பா வரன் பார்த்துவிட்டார். நகைக்கடையில் என் பணத்துக்கு வளையல் எடுத்தோம்.

காடு கைமாறிவிட்டது என்று பிறகு ஜீப்பு டிரைவர் சொல்லித் தெரிந்தது. பழம் பறிக்கிற பருவத்தில் அக்கா அங்கேயே கூலிக்குப் போகிறாராம். "அந்தச் செடிங்களுக்கு எங் கையி பழகிருச்சுன்னு சொல்லுதுங்க" என்றார் டிரைவர். நான் பேச்சை மாற்றினேன்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, நான் குடியிருந்த மாடி அறையின் வீட்டுக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஏற்காடு போய்விட்டுச் சேலம் பஸ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ கூடையோடு வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரும்பினால் அக்கா. நன்றாக இளைத்திருந்தார்.

"கண்ணு! நீங்களா? கல்யாணமாயிருச்சுங்களா? நல்லாருங்க, நல்லாருங்க."

மகளும் மருமகனும் அடிவாரத்தில் கடை போட்டிருக்கிறார்களாம், பேரனைப் பார்க்கப் போகிறாராம். காட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ் கிளம்பி முதல் வளைவு திரும்பியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தப் பணம் உங்களுக்காச்சும் ஏதாச்சும் திரும்பி வந்துச்சுங்களா?"

வளையல் போட்ட கை மடியில் இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. அடிவாரம் போய்ச் சேர நிறைய நேரம் இருந்தது.

"இல்லீங்கக்கா."

"எனக்கும் வல்லீங்க" என்றார்.

கண்டக்டர் வந்தார். நான் கைப்பையைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை வளையலோடு சேர்த்துப் பிடித்து அழுத்திக்கொண்டு, மறுகையால் இடுப்புச் சுருக்குப்பையை எடுத்தார். "ஒரு அடிவாரம், ஒரு சேலம் குடுங்க" என்றார் கண்டக்டரிடம். வேண்டாங்கக்கா, வேண்டாங்கக்கா என்று நான் பதறினேன்.

"இருக்கட்டுங் கண்ணு" என்றார். "நாம ரண்டு பேரும் ஒண்ணா ஏமாந்தவங்க."

கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை நான் வாங்கிக்கொண்டேன்.